காசில் இருப்பது மிண்ட் பிழையா, பின்னால் பட்ட அடியா? புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் ‘எரர் காயின்’ ஒரு பத்து ரூபாய் நாணயம். நடுவில் இருக்க வேண்டிய வெள்ளை வட்டம் இல்லை, வெறும் மஞ்சள் வளையம் மட்டும். மிண்டிலிருந்தே, அதாவது நாணயச்சாலையிலிருந்தே, அப்படித்தான் வெளியே வந்தது என்று கண்காட்சியில் விற்றவர் சொன்னார். நம்பி வாங்கி இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள், வெகுகாலமாக நாணயம் சேர்க்கும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "இது எந்த மெஷின்ல நடந்துச்சு தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. நாணயத்தை எப்படிச் செய்கிறார்கள் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டுக்கொள்கிறேன். பார்க்க வித்தியாசமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால், நசுங்கியது, எரிந்தது, ராவியது எல்லாமே வித்தியாசமாகத்தான் தெரியும். நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் இந்தக் கோளாறு நடந்திருக்க முடியும் என்று உங்களால் சொல்ல முடிந்தால் அது பிழை நாணயம். சொல்ல முடியவில்லை என்றால், சொல்ல முடிகிறவரை அதை அடிபட்ட காசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைத்துக்கொண்டால் பணமும் மிஞ்சும்.

கீழே சொல்வதெல்லாம் நம் கையில் புழங்கும் இந்திய நாணயங்களை வைத்துத்தான்.

காசு எப்படிப் பிறக்கிறது

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு ஊர்களில் இந்திய அரசின் நாணயச்சாலைகள் இருக்கின்றன. நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டி எடுப்பது முதல் வேலை. பூரி சுடும்போது மாவில் டப்பா மூடியால் வட்டம் போடுவோமே, அதே மாதிரி. வெட்டிய வில்லையைச் சூடாக்கி மென்மையாக்குவார்கள், கழுவுவார்கள். பிறகு ஓரத்தை நெருக்கி லேசாக மேடாக்குவார்கள். கடைசியில் அது அச்சு இயந்திரத்துக்குப் போகும். மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, சுற்றிலும் காலர் எனப்படும் எஃகு வளையம். இரண்டு அச்சும் சேர்ந்து அழுத்தும்போது உலோகம் மாவு போல நகர்ந்து அச்சின் பள்ளங்களுக்குள் ஏறும். காலர் அதை வெளியே பிதுங்க விடாமல் வட்டமாக நிறுத்தும். ஓரத்தில் கோடு போட வேண்டிய நாணயமென்றால் அந்தக் கோடுகளையும் போடும். பிறகு காசு வெளியே தள்ளப்படும், அடுத்த வில்லை வரும். நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் இது நடக்கிறது. அவ்வளவு வேகத்தில் ஓடும்போது சில தப்பித்தான் போகும்.

ஆகவே உண்மையான பிழைக்கு மூன்றே பிறப்பிடம்: வில்லை, அச்சு, அச்சடிக்கும் அந்த ஒரு நொடி. காசு இயந்திரத்தை விட்டு வெளியே விழுந்த பிறகு நடந்தது எதுவும் கணக்கில் வராது, அது நாணயச்சாலையின் வாசலுக்குள்ளேயே நடந்திருந்தாலும் சரி.

என்னென்ன வேண்டும்

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, குறுக்களவு பார்க்க வெர்னியர் காலிப்பர், ஒரு காந்தம், ஒரு டார்ச். இவற்றைவிட முக்கியமான ஒன்றுக்குச் செலவே இல்லை. அதே வகையில், முடிந்தால் அதே வருடத்தில் வந்த சாதாரண நாணயங்கள் நாலைந்து. சந்தேகமான காசை எப்போதும் அவற்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் கண் ஏமாற்றும்.

எடை, அளவு சிலவற்றை மனதில் வைத்துக்கொள்ளலாம். ரூபாய் குறியீட்டோடு 2011-ல் வந்த தொடரில் ஒரு ரூபாய் 3.79 கிராம், குறுக்களவு ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். இரண்டு ரூபாய் 4.85 கிராம், 25 மி.மீ. ஐந்து ரூபாய் 6 கிராம், 23 மி.மீ. பத்து ரூபாய் 7.71 கிராம், 27 மி.மீ. 2019-ல் வந்த புதிய தொடரில் இவை மாறிவிட்டன. ஒரு ரூபாய் 3.09 கிராமாகவும் 20 மி.மீ. ஆகவும் சுருங்கியது, ஐந்து ரூபாய் 6.74 கிராமாகவும் 25 மி.மீ. ஆகவும் பெரிதானது. இது தெரியாமல் சின்ன ஒரு ரூபாயைப் பிழை என்று எடுத்து வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1992 முதல் வந்த பழைய கனமான செம்பு-நிக்கல் ஐந்து ரூபாய் 9 கிராம். தராசில் கொஞ்சம் முன்பின் காட்டுவது இயல்பு, அதற்காகத்தான் ஒப்பிட நாலைந்து நல்ல காசு வேண்டும் என்றேன்.

முதலில் பிழையே இல்லாதவற்றை ஒதுக்குங்கள்

வருடத்துக்குக் கீழே எந்த நாணயச்சாலை என்று காட்டும் குறி (மிண்ட் மார்க்) இல்லையா? அது கொல்கத்தா. வைரக் குறி இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறி இல்லாத காசை ‘மிண்ட் மார்க் விடுபட்டது’ என்று விற்பதைக் கண்டால் நகர்ந்து விடுங்கள். வேறு விதமான குறியோடு பழைய காசு கிடைத்தாலும் பதற வேண்டாம், சில வருடங்களில் வெளிநாட்டிலும் நம் நாணயங்களை அடித்து வாங்கினார்கள். 1985-ம் வருட ஒரு ரூபாயில் ‘எச்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடித்தது.

ஐந்து ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறதா? 2007-ஐ ஒட்டி வந்த ஐந்து ரூபாய் துருப்பிடிக்காத எஃகில் செய்தது, ஒட்டத்தான் செய்யும். பத்து ரூபாயில் சிலவற்றில் பத்துக் கதிர், சிலவற்றில் பதினைந்து கதிர் இருப்பதும் பிழை கிடையாது. பத்து ரூபாய் நாணயம் அதுவரை 14 வடிவங்களில் வந்திருப்பதாகவும் எல்லாமே செல்லும் என்றும் ரிசர்வ் வங்கியே 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. 2012-ல் வந்த வைஷ்ணோ தேவி நாணயமும் அப்படித்தான். அது ஒரு நினைவு நாணயம், அவ்வளவுதான்.

கையால் அடித்த பழைய காசுகளுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது. சோழர் காசிலும் ஆற்காட்டு நவாபின் செப்புக்காசிலும் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பது வழக்கமே.

மேடா, பள்ளமா?

இனி லென்ஸை எடுங்கள். நீங்கள் பார்க்கும் கோடோ திட்டோ காசின் பரப்பைவிட உயர்ந்து நிற்கிறதா, உள்ளே இறங்கி இருக்கிறதா? டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நிழல் விழுவதை வைத்துச் சொல்லிவிடலாம்.

அச்சில் ஒரு விரிசல் விழுந்தால் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறும், எனவே காசில் அது மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். எழுத்தின் மேலேயும் ஏறி இறங்கி, ஓடை போல வளைந்து போகும். காசின் மேல் ஆணி கீறினால் பள்ளம்தான் வரும். கூடவே கீறலின் இரண்டு பக்கமும் பிசிறு நிற்கும், ஏனென்றால் அங்கிருந்த உலோகம் எங்காவது போயாக வேண்டும். ஏர் ஓட்டிய சாலின் இரு கரையிலும் மண் ஏறி நிற்பது போல. பிசிறைப் பார்த்தால் அந்தக் காசைக் கீழே வைத்துவிடலாம்.

அச்சின் ஓரம் ஒரு துண்டு உடைந்தே போனால், காசின் விளிம்பை ஒட்டி உருவம் ஏதுமில்லாத மேட்டுத் திட்டு வரும். சேர்ப்பவர்கள் இதை ‘கட்’ (cud) என்பார்கள். இதையும் போலியாகச் செய்கிறார்கள், ஈயப் பற்று வைத்தோ பசை வைத்தோ. காசைத் திருப்பி நேர் பின்புறம் பாருங்கள். உண்மையானதில், உலோகம் அந்த உடைந்த குழிக்குள் ஓடிவிடுவதால் பின்பக்கத்தில் அதே இடத்தில் எழுத்து மங்கலாக இருக்கும். பின்பக்கம் பளிச்சென்று முழுதாக இருந்தால் யாரோ ஒட்ட வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்திலும் ஒரு விதிவிலக்கு உண்டு. வில்லைக்கும் அச்சுக்கும் நடுவே நூலோ கம்பித் துண்டோ துணி நாரோ சிக்கினால் காசில் பள்ளம் விழும். ஆனால் அந்தப் பள்ளத்தின் அடி வழவழப்பாக இருக்கும், கரையில் பிசிறு இருக்காது.

பிறை மாதிரி கடித்த காசு

புதியவர்களுக்கு முதலில் கைக்குக் கிடைக்கக்கூடிய உண்மையான பிழை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேலேயே வெட்டு விழுந்தால் வில்லையில் ஒரு பிறை குறையும். அதே வில்லை பிறகு அச்சுக்குப் போகும். அதாவது குறை முதலில் வந்தது, உருவம் பிறகு வந்தது. இந்த வரிசையைக் காசே காட்டிக் கொடுக்கும்.

முதலில் கடித்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பைப் பாருங்கள். அங்கே விளிம்பு மெலிந்து மங்கலாக இருக்க வேண்டும். ஓரத்தை நெருக்கி மேடாக்கும் இயந்திரத்தில் வில்லை இரண்டு பக்கமும் அழுத்தம் வாங்கி உருளுகிறது. ஒரு பக்கம் குறை இருந்தால் எதிர்ப் பக்கத்துக்கும் அழுத்தம் கிடைக்காது, விளிம்பு சரியாக எழும்பாது. இதற்குப் பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். எல்லா உண்மையான வெட்டிலும் இது தெளிவாகத் தெரியும் என்று சொல்ல முடியாது, ஆனால் தெரிந்தால் அது வலுவான சாட்சி. அரத்தால் ராவியவனால் எதிர் விளிம்பை அப்படி மெலிய வைக்க முடியாது.

அடுத்து, வெட்டை ஒட்டிய எழுத்துகள். உண்மையானதில் அவை வெட்டை நோக்கி லேசாக இழுபட்டு, பருத்து அல்லது மங்கி இருக்கும், ஏனென்றால் அங்கே தடுக்கச் சுவர் இல்லாததால் உலோகம் அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. பின்னால் வெட்டிய காசில் எழுத்து கத்தியால் நறுக்கியது போலச் சட்டென்று நிற்கும். வெட்டுமுகத்தையும் லென்ஸில் பாருங்கள், அரத்தின் இணைக்கோடுகள் தெரிகிறதா என்று. எடை குறைந்திருக்கும், அது இரண்டிலும் பொது.

நகர்ந்து அடித்தது, பரந்து அடித்தது

வில்லை சரியாக உட்காராமல் ஒதுங்கி இருக்கும்போது அச்சு விழுந்தால் உருவத்தில் பாதி வெளியே போய்விடும், மீதி இடம் வெறுமையாக நிற்கும். இதில் மூன்றைப் பார்க்க வேண்டும். எடை குறையவே கூடாது, உலோகம் எதுவும் போகவில்லையே. இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும்: முன்பக்கம் வலது ஓரம் வெறுமை என்றால், புத்தகத்தின் தாளைப் புரட்டுவது போலத் திருப்பினால் பின்பக்கம் இடது ஓரம் வெறுமையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெறுமையாக இருந்து எடையும் குறைந்தால் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். மூன்றாவதாக, வெறுமையான இடம் அச்சுப்படாத வில்லையின் இயல்பான பரப்பாக இருக்க வேண்டும், உப்புத்தாள் கோடுகள் இருக்கக் கூடாது.

காலர் மேலே எழாமல் அடித்தால் காசு பரந்துவிடும். குறுக்களவு கூடும், ஓரக் கோடுகள் இருக்காது, ஆனால் எழுத்துகள் கூர்மையாகவே இருக்கும். சின்ன வயதில் தண்டவாளத்தில் காசு வைத்து ரயில் போன பிறகு எடுத்துப் பார்த்தவர்களுக்கு நசுங்கிய காசு எப்படி இருக்கும் என்று தெரியும். மெலிந்து நீண்டு, எழுத்தெல்லாம் எண்ணெய் தடவியது போல இழுபட்டுக் கிடக்கும். அதற்கும் எடை குறையாது. ஆகவே இங்கே தராசை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்.

கண்ணாடிப் பிம்பம்: அதிகம் ஏமாறும் இடம்

அடித்த காசு வெளியே போகாமல் ஒரு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையின் ஒரு பக்கத்தில் அச்சு படாது, ஒட்டிய காசின் முகம்தான் படும். விளைவாக ஒரு பக்கம் சாதாரண உருவம், மறுபக்கம் அதே உருவம் பள்ளமாக, இடவலம் மாறி. பிராக்கேஜ் என்று இதைச் சொல்வார்கள். அழகான பிழை. நல்ல விலையும் உண்டு, அதனாலேயே போலியும் அதிகம்.

போலி செய்வது எளிது. இரண்டு காசைச் சேர்த்துப் பட்டறை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்து முறுக்கினால் ஒன்றின் எழுத்து இன்னொன்றில் பள்ளமாகப் பதிந்துவிடும். ஆனால் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு உருவம் இருந்திருக்கும் அல்லவா? அது நசுங்கிப்போய் அடியில் தெரியும். உண்மையான முழு பிராக்கேஜில் பள்ளப் பிம்பத்துக்கு அடியில் வேறு எதுவும் இருக்காது, அதற்கு முன் அந்தப் பக்கத்தில் எதுவுமே அடிக்கப்படவில்லை. வைஸில் நெரித்த காசின் மறுபக்கத்தையும் பாருங்கள். உயர்ந்த இடங்களெல்லாம் தட்டையாகி மினுங்கும், சில சமயம் வைஸ் தாடையின் பல் தடம்கூட இருக்கும்.

வருடத்தின் மேல் இன்னொரு வருடமோ ‘இந்தியா’ என்ற எழுத்தோ பள்ளமாக, இடவலம் மாறிப் பதிந்த காசுகளை இணையத்தில் நிறையப் பார்ப்பீர்கள். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே இந்த நெரிசல் வேலைதான். ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

என் பத்து ரூபாய் வளையம்

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். பத்து ரூபாயின் வெளி வளையமும் நடு வட்டும் தனித்தனியாக வந்து, அச்சு விழும் அழுத்தத்தில்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. நடு வட்டு இல்லாமல் வளையம் மட்டும் அச்சுக்குப் போனால், நடுவில் தடுக்க ஏதுமில்லாததால் வளையத்தின் உலோகம் உள்நோக்கி ஓடும். ஓட்டை வழக்கமான 17 மி.மீ. அளவைவிடச் சிறுத்து, அதன் கரை ஒழுங்கற்று மழுங்கி இருக்கும். என்னிடம் இருந்ததில் காலிப்பர் சரியாக 17 காட்டியது. உட்சுவர் நேராக, வட்டைப் பிடித்திருந்த தடத்தோடு இருந்தது. ஒரு பக்கக் கரையில் மட்டும் உளியோ கம்பியோ வைத்துத் தட்டிய தழும்பு. நன்றாக அடித்து முடித்த காசிலிருந்து வட்டைத் தள்ளி எடுத்திருக்கிறார்கள்.

அதை நான் தூக்கி எறியவில்லை. புதிதாகக் கேட்பவர்களுக்குக் காட்ட உதவுகிறது.

இரட்டை எழுத்து

எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் மூன்று காரணம் இருக்கலாம். அச்சு தயாரிக்கும்போதே உருவம் இரு முறை தள்ளிப் பதிந்திருந்தால், இரண்டு எழுத்தும் உருண்டு திரண்டு, முனைகளில் பிளவோடு தெரியும். இதுதான் மதிப்புள்ளது, அந்த அச்சில் பிறந்த எல்லாக் காசிலும் ஒரே மாதிரி இருக்கும். அச்சு தளர்ந்து, அடித்த கையோடு ஆடினால் எழுத்தின் ஒரு பக்கம் வழிக்கப்பட்டுப் படிக்கட்டு போலத் தட்டையான திண்ணை வரும், எழுத்தும் மெலியும். இது நாணயச்சாலையில் நடந்ததுதான், ஆனாலும் யாரும் கூடுதல் விலை தர மாட்டார்கள். மூன்றாவது, காசு எதிலாவது உரசி எழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. அது வெறும் அடி.

எழுத்து காணவில்லை

அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அந்த எழுத்தோ வருடத்தின் கடைசி இலக்கமோ பதியாது. உண்மையில் அடைத்ததென்றால் அந்த இடம் சுற்றிலும் உள்ள பரப்போடு ஒரே மட்டத்தில், அதே மினுக்கத்தோடு இருக்கும். சுரண்டி எடுத்ததென்றால் டார்ச் வெளிச்சத்தில் சின்னக் குழிவும் கீறல்களும் தெரியும்.

மற்றவை

நிறம் மாறிய காசுகளில் பெரும்பாலானவை பொய். பித்தளை நிற ஐந்து ரூபாய் அமிலத்திலோ ஈர மண்ணிலோ கிடந்தால் துத்தநாகம் கரைந்து செம்பு நிறமாகிவிடும். அமிலத்தில் ஊறிய காசு மொத்தமாக மெலிந்து, எடை குறைந்து, எழுத்தெல்லாம் சோப்பு போலக் கரைந்திருக்கும். கொப்புளம் இருந்தால் தீயில் பட்டிருக்கிறதா என்று யோசியுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே உருவம் இருந்தால் விளிம்பின் உள்பக்கத்தைச் சுற்றி லென்ஸில் பாருங்கள். மயிரிழை போல ஒரு மூட்டு ஓடும். லேத்தில் ஒரு காசைக் குடைந்து, இன்னொன்றின் பாதியை உள்ளே பொருத்தியது அது. கல் மேல் போட்டால் சத்தமும் செத்துக் கேட்கும்.

ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் இருப்பது அச்சு திரும்பிய பிழை. நம் நாணயத்தில் ஒரு முகத்தை நேராக வைத்து, பக்கவாட்டில் தாள் புரட்டுவது போலத் திருப்பினால் மறுமுகமும் நேராக வர வேண்டும். கொஞ்சம் சாய்வு சகஜம். கால் சுற்று, அரைச் சுற்று என்றால் எடுத்து வையுங்கள். அமெரிக்க நாணயங்கள் பிறப்பிலேயே தலைகீழ் என்பதால் அவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

கிடைத்த பிறகு

கழுவாதீர்கள். புளி, எலுமிச்சை, விபூதி, பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம். தேய்த்தால் நாம் பார்த்த அந்த இயல்பான பரப்பும் மினுக்கமும் போய்விடும், அதோடு நல்ல பிழைக்கான சாட்சியும் போய்விடும். ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள். பிவிசி உறையில் போட்டால் காலப்போக்கில் பச்சைப் பிசுக்கு ஏறும், அட்டை ஹோல்டர் நல்லது.

விற்க நினைத்தால் ஒன்று. பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முதலில் கமிஷனோ வரியோ கட்டச் சொல்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இப்படிப்பட்ட வியாபாரத்தில் தனக்குத் தொடர்பில்லை என்றும் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் அது சொல்லியிருக்கிறது. காசைப் பார்க்காமலே விலை சொல்கிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஹோல்டரின் பின்னால் பென்சிலால் மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: எடை, குறுக்களவு, எந்தக் கட்டத்தில் நடந்தது. மூன்றாவதை எழுத முடியாத காசுகளைத் தனி டப்பாவில் போடுங்கள், ஆறு மாதம் கழித்து எடுத்து மறுபடியும் பாருங்கள்.